அரிமளத்தில் ஒரு மழைக்காடு

இப்போது கைடு வேலைக்கு வரும் பிள்ளைகள் சிலர் என்னைத் தேடி வந்து, இந்தத் தொழிலில் கவனிக்க வேண்டியது என்ன என்று கேட்கிறார்கள். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள். கத்திரி வெயிலில், பட்டப்பகலில், வரிசையாக நட்ட மரங்களுக்கு நடுவில் ஒரு வாடிக்கையாளரைத் தொலைத்த வழிகாட்டி எனக்குத் தெரிந்து இந்த மாவட்டத்தில் நான் ஒருவன்தான். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

1. வேலை என்னைத் தேடி வந்தது

தைலமரக் காடு வளர்க்கும் ஒரு நிறுவனத்தில் முப்பத்தொரு வருடம் சூப்பர்வைசராக இருந்தேன். கன்று நடுவது, காட்டைப் பிரித்து ஊன்றிய பிளாக் கல்லுக்கு நம்பர் எழுதுவது, தீ பரவாமல் இருக்க நடுவே ஃபயர் லைன் வெட்டுவது, மழைத் தண்ணீர் வெளியே ஓடிவிடாமல் சுற்றிலும் வரப்புப் போடுவது, உள்ளே மேயும் ஆடுகளைப் பிடித்து அடைப்பது. இவ்வளவுதான் என் உத்தியோகம்.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் நவீன் என்பவர் போன் செய்தார். அரிமளத்துக்குப் பக்கத்தில் பழைய கல்வீடு ஒன்றை யாரோ வாங்கி, தூண்களுக்கெல்லாம் பாலீஷ் போட்டு, பாரம்பரிய விடுதி ஆக்கியிருந்தார்கள். நவீன் அதற்கு மேனேஜர். ஓட்டல் படிப்புப் படித்தவர். எந்தச் செய்தியையும் நல்ல செய்தி போலவே சொல்லக்கூடியவர்.

"சார், ஒங்களுக்குக் காடு நல்லாத் தெரியுமாமே?"

"தைலமரக் காடு தெரியும்."

"அதேதான் சார். எங்க கெஸ்ட்டுக்கு ஒரு பிரைவேட் லோக்கல் கைடு வேணும். ரெயின் ஃபாரஸ்ட் ட்ரெக் ஆரம்பிக்கிறோம்."

"எங்க?"

"இங்கதான் சார்."

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். எதிர்வீட்டு ஓட்டின் மேல் ஒரு காக்கை வெயில் தாங்காமல் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. எங்கள் ஊரில் ஒரு தூறல் போட்டால் அதைப் பற்றி ஒரு வாரம் பேசுவோம். அப்படிப்பட்ட ஊரில் மழைக்காடு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். நவீன் பொறுமையாக விளக்கினார்.

தைலமரக் காட்டைத் தாண்டினால் ஐயனார் கோயில் காடு ஒன்று இருக்கிறது. சில ஏக்கர்தான். சாமிக்குப் பயந்து யாரும் குச்சி ஒடிக்காத இடம். கல்லூரியிலிருந்து ஆராய்ச்சி செய்ய வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, 'ட்ரை எவர்கிரீன் ஃபாரஸ்ட்' என்று விடுதிக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"வெப்சைட் போடுறவரு, 'ட்ரை'ங்கிற வார்த்தை விக்காதுன்னாரு சார். எடுத்துட்டோம். வெறும் எவர்கிரீன்னு போட்டா, பழைய பாட்டுக் கச்சேரியான்னு போன் பண்ணிக் கேக்குறாங்க. அதான் ரெயின் ஃபாரஸ்ட்னு போட்டுட்டோம்."

மறுத்திருக்கலாம். ஆனால் முப்பத்தொரு வருடம் என்னை 'சூப்பர்வைசர் சார்' என்று கூப்பிட்ட ஊர், மூன்றே மாதத்தில் 'என்ன, சும்மாதானே இருக்கீங்க, இந்தக் கரண்ட் பில்லைக் கட்டிட்டு வந்துருங்க' என்று சொல்ல ஆரம்பித்திருந்தது. சரி என்றேன்.

முதல் நாள் ஒரு யூனிஃபார்ம் கொடுத்தார்கள். இலை படம் போட்ட தொப்பி, கழுத்தில் விசில், பச்சைச் சட்டை. சட்டைப் பையில் இருவாச்சிப் பறவை ஒன்றை நூலால் போட்டிருந்தார்கள். அந்தப் பறவை எங்கள் மாவட்டத்துக்கு வந்தது அந்தச் சட்டைப் பை வழியாகத்தான். என் மனைவி என்னை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "சர்க்கஸ்ல எந்த மிருகத்தைக் குடுத்திருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள்.

2. சீசன் இல்லை

பாதை சுலபம். விடுதி வேன் தார்ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து தைலமரக் காட்டுக்குள் ஒரு மணி நேர நடை. முடிவில் கோயில் காடு. அங்கே மரநிழலில் வாழையிலை போட்டு இட்லி, பொங்கல், கேசரி. வேன் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு சாப்பாட்டோடு முன்னாலேயே போய் நிற்கும். தைலமரக் காட்டில் நடக்க அனுமதி எப்படி வாங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் எனக்கு நீண்ட சர்வீஸ் உண்டு.

கேள்விகளுக்கு என்ன பதில் சொல்வது என்றும் நவீன் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"அருவி எங்கன்னு கேட்டா, சீசன் இல்லைன்னு சொல்லுங்க. மான் எங்கன்னு கேட்டா, சீசன் இல்லை. எது கேட்டாலும் 'இல்லை'ன்னு மட்டும் சொல்லாதீங்க சார். 'சீசன் இல்லை'ன்னு சொல்லுங்க."

நல்ல வாக்கியம். எதற்கும் பொருந்தியது. யானை வருமா என்று ஒருவர் கேட்டார். சீசன் இல்லை என்றேன். சிறுத்தை உண்டா என்று ஒரு அம்மா கேட்டார். சீசன் இல்லை என்றேன். அவர் நிம்மதியாக நடந்தார். மழை வருமா என்று கேட்டவருக்கும் அதையே சொன்னேன். அந்த ஒரு பதில் மட்டும் உண்மை.

வரவேற்பறையில் அட்டை கடிக்காமல் இருக்க முழங்கால் வரைக்கும் ஒரு சாக்ஸ் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் உள்ள அட்டைகள் ரேஷன் அட்டை, ஆதார் அட்டை, நூறு நாள் வேலை அட்டை. இவற்றிடம் கடிபட்டவர்கள் உண்டு. காலில் அல்ல.

வந்தவர்கள் யாரும் சந்தேகப்படவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். தைல இலையைக் கசக்கி மூக்கில் வைத்தால், "ஆகா, என்ன மூலிகை வாசனை" என்பார்கள். ஜலதோஷத்துக்கு அவர்கள் வீட்டில் தேய்க்கும் அதே வாசனைதான். மரமெல்லாம் எப்படி நேர் வரிசையில் இருக்கிறது என்று ஒரே ஒருவர் கேட்டார். இயற்கையின் அதிசயம் என்றேன். அந்த வரிசையைக் கயிறு பிடித்துப் போட்டவன் நான். கூலி ஆட்கள் கோணலாகக் குழி வெட்டினால் கத்தித் தீர்த்தவனும் நான். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

3. ஓடை

ராமநாதன் சாரும் அவர் மனைவி சுகந்தி அம்மாவும் சென்னையிலிருந்து வந்தவர்கள். அவர் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர், அந்த அம்மா பேங்கில் வேலை. இருவருக்கும் மட்டும் தனியாக வழிகாட்டி வேண்டும் என்று கேட்டு வந்திருந்தார்கள். கூட்டத்தோடு போனால் காட்டின் அமைதி கெட்டுவிடும் என்பது அவர் கருத்து.

ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டியது. வேன் பஞ்சர். தார்ரோட்டில் இறங்கும்போது ஒன்பதரை. அக்னி நட்சத்திரத்தில் எங்கள் பக்கம் ஒன்பதரைக்கே மண் சுட ஆரம்பித்துவிடும். கைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர் கொடுத்திருந்தார்கள். விடுதியின் பேர் போட்ட கண்ணாடி பாட்டில். பார்க்க அழகாக இருக்கும், நாலு மடக்குக்கு மேல் பிடிக்காது.

தைலமரத்தின் நிழலை நம்பியவர்கள் யாரும் இல்லை. சல்லடையில் சலித்த மாதிரி வெயில் அப்படியே கீழே விழும். அரை மணி நேரத்தில் ராமநாதன் சாரின் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. மேப் பார்த்தும் படம் எடுத்தும் அவர் போனும் அணைந்துவிட்டது. காலிப் பாட்டிலை ஆட்டிக் காட்டினார்.

"வழியில தண்ணி கிடைக்குமா?"

"ஓடை இருக்கு சார்."

"எந்தப் பக்கம்?"

"அங்கிட்டு" என்று கையை நீட்டினேன்.

வழக்கமாக அதோடு 'சீசன் இல்லை' என்று சேர்ப்பேன். அன்று சேர்க்கவில்லை. ஓடை இருக்கிறது என்று நினைத்தால் மனுஷன் கொஞ்சம் தெம்பாக நடப்பார், கோயில் காடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். இதைத்தான் எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் சேவை என்கிறார்கள்.

சுகந்தி அம்மாவுக்கு அந்தச் சாக்ஸ் கழன்று கழன்று விழுந்தது. அவர் குனிந்து அதை இழுத்துக் கட்டினார். நான் ஓர் இலையைப் பறித்து வழக்கமான மூலிகைப் பேச்சைப் பேசினேன். பேசி முடித்துத் திரும்பினால் ராமநாதன் சார் இல்லை.

4. ஒரே மாதிரி மரங்கள்

முதலில் ஒதுங்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் நின்றோம். விசில் ஊதினேன். பதில் இல்லை. இன்னும் நாலு முறை ஊதினேன்.

தைலமரக் காட்டில் தொலைந்து போவது எப்படி என்று கேட்பீர்கள். நிஜக் காட்டில் வளைந்த மரம், பாறை, கொடி என்று ஏதாவது ஓர் அடையாளம் இருக்கும். இங்கே எந்த வரிசைக்குள் நுழைந்தாலும் அதே மரம், அதே இடைவெளி, அதே சருகு. பத்து வரிசை தள்ளி நின்று திரும்பிப் பார்த்தால், வந்த இடம் எல்லா இடத்திலும் இருக்கும். இருபது வருஷ வாட்ச்மேனே ஒருமுறை சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு நாள் முழுக்கத் தேடியிருக்கிறார்.

சுகந்தி அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"அவருக்கு சுகர் இருக்கு. காலையில மாத்திரை போட்டாச்சு. அங்க போய் சாப்பிட்டுக்கலாம்னு ஒண்ணும் சாப்பிடல."

மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வெயிலில் நடந்தால் என்ன ஆகும் என்பது தெரியாத வீடு இன்று எந்த ஊரில் இருக்கிறது. என் மச்சான் கல்யாணப் பந்தியில் அப்படித்தான் சாய்ந்தார். அங்கே சுற்றிலும் முந்நூறு பேர் இருந்தார்கள்.

"ஓடையைத் தேடித்தான் போயிருப்பாரு. ஓடை எங்க இருக்கு, கூட்டிட்டுப் போங்க" என்றார்.

எந்தப் பக்கம் கை காட்டினேன் என்று எனக்கே நினைவில்லை. இல்லாத ஓடைக்கு எந்தத் திசையைக் காட்டினால் என்ன என்று கை போன போக்கில் காட்டியிருந்தேன்.

"அம்மா, நான் கையை எங்கிட்டுக் காட்டினேன்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். வழிகாட்டியிடம் வழி கேட்டால், அவன் திருப்பி அதே கேள்வியைக் கேட்கிறான். ஆனாலும் பேங்க்காரர் அல்லவா, நிதானமாக நினைவுபடுத்திப் பார்த்து மேற்கே கை நீட்டினார்.

நவீனுக்குப் போன் செய்தால் டவர் இல்லை. இருவரும் வேகமாக நடந்தோம். நான் கத்தினேன், அந்த அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டார், நடுநடுவே விசில் ஊதினேன். முப்பத்தொரு வருடத்தில் அந்தக் காடு இவ்வளவு பெரியது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பதினேழாம் பிளாக் கல்லைத் தாண்டியதும் மேட்டு வரப்பின் மேல் ஆடுகள் தெரிந்தன. பக்கத்தில் அழகம்மாள் நின்றாள்.

அழகம்மாளை எனக்கு நன்றாகத் தெரியும். அவள் ஆடுகளை இரண்டு முறை பிடித்து அடைத்திருக்கிறேன். ஒருமுறை சினையாட்டையும் சேர்த்து. என்னை, தொப்பியை, விசிலை, சட்டைப் பையிலிருந்த பறவையை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"என்ன சூப்பர்வைசரே, ஆட்டைப் பிடிக்க வந்தீகளா, ஆளைப் பிடிக்க வந்தீகளா?"

"ஆளைத்தான் அழகம்மா."

"அப்ப இங்கிட்டு வாங்க."

வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளம். அதில் ராமநாதன் சார் வரப்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேல் அழகம்மாள் தன் கறுப்புக் குடையை மண்ணில் ஊன்றி வைத்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய தூக்குவாளி காலியாக இருந்தது. சுகந்தி அம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கை வெடவெடன்னு நடுங்குச்சு. மேலெல்லாம் வேர்த்து ஊத்துச்சு. என்ன கேட்டாலும், 'ஓடை எங்க, ஓடை எங்க'ன்னாக" என்று அழகம்மாள் அந்த அம்மாவிடம் சொன்னாள். "எங்க வீட்டுக்காரருக்கும் சக்கரைதாங்க. பாத்ததும் தெரிஞ்சுக்கிட்டேன். மடியில கடலை மிட்டாய் வச்சிருந்தேன், அதைத் தின்னச் சொல்லி, கஞ்சியை ஊத்திக் குடுத்தேன். இப்பத் தேவலை."

ராமநாதன் சாருக்கு முகம் தெளிந்துகொண்டிருந்தது. "விசில் சத்தம் கேக்கலையா சார்?" என்று கேட்டேன்.

"கேட்டுச்சு. ஏதோ காட்டுப் பறவைன்னு நெனச்சேன். நல்லா இருந்துச்சு" என்றார்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சுகந்தி அம்மா தலையைத் தூக்கி, "ஓடை இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை.

சீசன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"ஓடை இல்லம்மா. இது மழைக்காடும் இல்ல. இந்த மரமெல்லாம் நான் நின்னு நட வச்சது. காகிதம் செய்ய வெட்டுற மரம்."

அழகம்மாள் குறுக்கே பேசினாள்.

"ஓடை இல்லைன்னு ஏன் சொல்றீக. சார் ஒக்காந்திருக்காகளே, அதான் ஓடை. எங்க கம்மாய்க்குத் தண்ணி வர்ற வாரி. இவுக வரப்புப் போட்டாகள்ல, அன்னைக்கே தண்ணி நின்னுருச்சு. கீழ நாங்க நெல்லு போட்டதும் அதோட சரி."

அந்த வரப்பை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று எனக்கு வந்த உத்தரவு நினைவிருந்தது. நான் அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே முடித்துக் கொடுத்துப் பாராட்டும் வாங்கியிருந்தேன். அந்தப் பாராட்டின் மேல்தான் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

5. கோயில் காடு

அழகம்மாள் காட்டிய குறுக்குவழியில் ரோடு பத்தே நிமிடம். முப்பத்தொரு வருடத்தில் எனக்குத் தெரியாத வழி. ஆட்டுக்காரர்கள் எங்களுக்குத் தெரியாமல் வைத்திருந்த வழி என்பதால் தெரிந்திருக்க நியாயமில்லை. ரோட்டில் டவர் கிடைத்தது, போன் செய்ததும் வேன் வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பயமில்லை, ஓய்வெடுக்கட்டும் என்றார்கள். புகார் எழுதுவார்கள், அன்றோடு என் மழைக்காட்டு சர்வீஸ் முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ராமநாதன் சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, கையில் பெரிய தண்ணீர்க் கேனோடு நின்றார்.

"அந்தக் கோயில் காடாவது இருக்கா? இல்ல அதுவும் நீங்க நட்டதா?"

"அது இருக்கு சார். நான் நடல."

வேனிலேயே போனோம். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே நுழைந்தோம். பாலை, வீரை, காயா, நாவல் என்று மரங்கள் ஒன்றோடொன்று பின்னி, தலைக்கு மேல் வானம் தெரியாது. காலுக்குக் கீழே மண் குளிர்ந்திருந்தது. வெளியே ஏறிக்கொண்டிருந்த வெயில் உள்ளே வரவில்லை. நான் மூலிகை, அதிசயம் என்று எதுவும் பேசவில்லை. தெரிந்த மரத்துக்கு மட்டும் பேர் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லிப் பழக்கமில்லாததால் முதல் இரண்டு முறை நாக்கு புரண்டது.

இருவரும் ஒரு மணி நேரம் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கிளம்பும்போது அவர் சொன்னார்: "இதுவே போதுமே. இதுக்கு எதுக்கு இன்னொரு பேரு?"

6. நவீன் கண்ட வாய்ப்பு

நவீன் பயந்து போயிருப்பார் என்று நினைத்தேன். அவர் வேறு யோசனையில் இருந்தார்.

"சார், நடந்ததை அப்படியே ஒரு பேக்கேஜ் ஆக்கிரலாம். சர்வைவல் ட்ரெக். கெஸ்ட்டை நாமளே தொலைச்சு, நாமளே கண்டுபிடிச்சுக் குடுப்போம்."

"நான் இனிமே ரோட்டுலயே உண்மையைச் சொல்லித்தான் கூட்டிட்டுப் போவேன்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் விளையாட்டாகச் சொல்வதாக நினைத்துவிட்டார். அடுத்த வாரம் ஆறு பேர் வந்தார்கள். வேனை விட்டு இறங்கியதும், இது தைலமரக் காடு, ஓடை கிடையாது, மிருகம் கிடையாது, கடைசியில் ஒரு சின்னக் கோயில் காடு உண்டு, அதற்குள் சத்தம் போடக்கூடாது என்றேன். நாலு பேர் திரும்ப வேனில் ஏறி, நார்த்தாமலைக்குக் கோயில் பார்க்கப் போய்விட்டார்கள். இரண்டு பேர் வந்தார்கள்.

சாயங்காலம் நவீன் கேட்டார்: "சார், நீங்க கைடா, இல்ல ஆளை விரட்டுறதுக்கு வச்ச ஆளா?"

தொப்பி, விசில், சட்டை மூன்றையும் துவைத்து மடித்து ஒப்படைத்தேன். விசிலைத் துவைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து சுகந்தி அம்மா போன் செய்தார். அவருடைய பேங்க் தோழிகள் எட்டுப் பேர் வருகிறார்களாம், விடுதி வழியாக இல்லாமல் நேராக நான் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார். "ஒரு கண்டிஷன். அந்த ஆட்டுக்கார அம்மாவும் கூட வரணும்" என்றார். அழகம்மாளிடம் போய்க் கேட்டேன். "என் ஆடு?" என்றாள். ஆடும் வரட்டும் என்றேன். முறைப்படி நிறுவனத்தில் அனுமதிக்கு எழுதிக் கொடுத்தேன். பழைய சூப்பர்வைசர் ஆடுகளுக்கும் சேர்த்து அனுமதி கேட்பதைப் பார்த்து, இப்போது இருக்கும் அதிகாரி மனுவை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து மாதத்துக்கு ஒன்று, இரண்டு என்று ஆட்கள் வருகிறார்கள். முன்னால் அழகம்மாள், பின்னால் நான், இடையில் விருந்தாளிகளும் வெள்ளாடுகளும். கிளம்பும் முன் நான் சொல்வது இவ்வளவுதான்: "நீங்க இன்னைக்கு ரெண்டு காடு பாக்கப் போறீங்க. ஒண்ணு நாங்க நட்டது. இன்னொண்ணு யாரும் வெட்டாம விட்டது." நடுவில் அந்த வாரி வரும்போது அழகம்மாள் நின்று, யார் வரப்புப் போட்டது என்று என்னைக் காட்டிச் சொல்வாள். எந்தக் குழுவுக்கும் அவள் அதை விடுவதில்லை. நானும் தொப்பி இல்லாத தலையைச் சொறிந்துகொண்டு நிற்பேன்.

கைடு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். காலையில் முதலில் யார் யார் மாத்திரை போட்டிருக்கிறார்கள், சாப்பிட்டார்களா என்று கேளுங்கள். தண்ணீரைப் பெரிய கேனில் எடுங்கள். அந்தக் காட்டில் ஆடு மேய்ப்பவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். இல்லாத ஓடைக்கு மட்டும் கை காட்டாதீர்கள். தாகம் எடுத்தவர் அதை நம்பிப் போய்விடுவார்.